கம்மல் எங்கே போனது: வேலூரை வைத்து ஒரு 'காணாமல் போன குழந்தை' நாவல் எழுதும் முறை

குழந்தை காணாமல் போகும் கதையை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் 'யார் தூக்கிக்கொண்டு போனது' என்பதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். அங்கே தொடங்கினால் இருநூறாவது பக்கத்தில் ஒரு வெள்ளை ஆம்னி வேனும் தாடிக்காரனும் வந்து நிற்பார்கள், வாசகர் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். முதலில் போட வேண்டிய கணக்கு வேறு. பெற்றவர் மறைக்கும் விஷயம் தேடலில் எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது? அது கைக்கு வந்த பிறகு கடத்தினவனைப் பற்றி யோசிக்கலாம். சில சமயம் அவன் தேவையே படமாட்டான்.

ரகசியம் சின்னதாக இருக்கட்டும்

கொலை, கள்ளத்தொடர்பு, ஹவாலா பணம் என்று அப்பாவின் தலையில் பெரிய மூட்டையை ஏற்றினால், அவர் அதை மறைப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. யாராக இருந்தாலும் மறைப்பார்கள். ஒன்றுமில்லாத விஷயத்தை மறைக்கப் போய்ப் பெரிய கேடு வரும்போதுதான் படிக்கிறவர் வயிற்றைப் பிசையும். அந்த இடத்தில் தானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்போம் என்று அவருக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே உதாரணத்தில் பார்ப்போம். சத்துவாச்சாரியில் ஒரு குடும்பம். அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் இருந்தார். வேலை போய் இரண்டு மாதம். வீட்டில் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போகிறார். மூன்று வாரத்துக்கு முன்பு எட்டு வயது மகளின் கம்மலைக் கழற்றி அடகு வைத்துவிட்டு, அதே மாடலில் கவரிங் வாங்கிப் போட்டுவிட்டார். "அம்மாகிட்ட சொல்லாத கண்ணு, மாசக் கடைசில மீட்டுடலாம்." அரை பவுன், அதாவது நாலு கிராம். பணமாகப் பார்த்தால் குடும்பமே மூழ்குகிற தொகை இல்லை. ஆனால் காதுகுத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் போட்ட கம்மல் அது, மனைவியின் தம்பி செய்த சீர். ரகசியத்தின் எடையைக் கிராமில் போடாதீர்கள். யாருக்குத் தெரிந்தால் தலை நிமிர முடியாது என்பதில் போடுங்கள்.

பொய் சொல்ல விடாதீர்கள்

போலீஸ் ஸ்டேஷன் காட்சியில் பலரும் அப்பாவைத் திக்கித் திணறிப் பொய் சொல்ல வைக்கிறார்கள், நெற்றி வியர்வையைத் துடைக்க வைக்கிறார்கள். வாசகர் அந்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவார். வேறொருவர் நல்ல எண்ணத்தில் சொல்லும் தவறான தகவலை அவர் திருத்தாமல் விட்டால் போதும்.

"காதுல கழுத்துல ஏதாச்சும் போட்டிருந்துச்சா?" ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டர் கேட்கிறார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொள்கிறான். "கம்மல் சார். அரை பவுன். காதுகுத்துக்கு நான்தான் போட்டேன். இல்ல மாமா?"

"ம்."

அந்த ஒரு 'ம்'மில்தான் நாவல் நிற்கிறது. தங்கம் போட்ட குழந்தை காணோம் என்றதும் போலீசின் முதல் சந்தேகம் நகை பறிக்கிற ஆள் மேல் போகும். பழைய குற்றவாளிகளின் பட்டியலைப் புரட்டுவார்கள், ஆட்கள் அந்தப் பக்கம் போவார்கள். குழந்தை வேறு பக்கம் இருக்கிறது.

இந்தக் காட்சியில் சட்டமும் உங்களுக்குக் கை கொடுக்கிறது. வாய்மொழியாகச் சொல்லும் புகாரை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். ஆக 'காதில் அரை பவுன் தங்கக் கம்மல்' என்ற வரியை ரைட்டர் உரக்கப் படிப்பார், அப்பா அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார், அந்தக் காகிதம் மடித்து அவர் சட்டைப் பையிலேயே கிடக்கும். மனசாட்சியைப் பற்றி இரண்டு பத்தி எழுதுவதற்குப் பதில், அவர் கை அடிக்கடி அந்தப் பைக்குப் போவதை எழுதுங்கள்.

இரண்டு கடிகாரம்

எழுதத் தொடங்கும் முன் ஒரு நீள நோட்டு வாங்கி மூன்று பத்தி கோடு போடுங்கள். நடந்தது, சொன்னது, போலீசுக்குத் தெரிய வந்த நேரம். உதாரணத்துக்கு மாசி அமாவாசை, அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளை நாள், பாலாற்றங்கரை.

மாலை 5.50. கூட்டத்தில் அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர் எதிர்ப்படுகிறார். மகளை ஒரு பொரிக்கடை ஓரம் நிறுத்தி, "இங்கியே நில்லு" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய்ப் பேசுகிறார். 6.10. திரும்பி வந்தால் ஆள் இல்லை. தானே தேடுகிறார். 6.50. வீட்டுக்குப் போன். ஸ்டேஷனில் அவர் சொல்வது: "கையப் புடிச்சிக்கினுதான் இருந்தேன் சார். கூட்டம் தள்ளிச்சு, கை வுட்டுப் போச்சு. ஆறரை இருக்கும்."

கடன்காரரை மறைக்க நாற்பது நிமிடத்தை அவர் விழுங்கிவிட்டார். எட்டு வயதுக் குழந்தை மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கும் என்று வைத்தால், நாற்பது நிமிடம் என்பது இரண்டு கிலோமீட்டர். பாலத்தைத் தாண்டி விருதம்பட்டுப் பக்கம் போய்விடலாம். புது பஸ் ஸ்டாண்டுக்குள்ளும் நுழைந்துவிடலாம். போலீஸ் ஆறேகாலிலிருந்து கேமரா பார்க்கும், குழந்தை கடையைத் தாண்டியது 5.55க்கு. நோட்டில் இந்த மூன்று பத்தியும் ஒட்டாமல் இருந்தால் கதை ஓடும். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு சோகச் சம்பவம், அவ்வளவுதான்.

வரைபடத்தில் காம்பஸ் வைத்து அரை மணிக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விஷயம் வட்டத்தை உடைக்கும்: பஸ், ரயில். காட்பாடி ஜங்ஷனிலிருந்து சென்னைப் பக்கம், ஜோலார்பேட்டைப் பக்கம், சித்தூர் வழியாகத் திருப்பதிப் பக்கம், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் பக்கம் என்று நாலு திசையில் தண்டவாளம் பிரிகிறது. ஒரு மணி நேரத்துக்குள் வேறு மாநிலம். ரயிலடிக்குள் கதை போனால் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) வேறு, ரயில்வே போலீஸ் வேறு என்பதை மறக்காதீர்கள். முன்னது மத்திய அரசு, பின்னது மாநில அரசு. அந்த இருவருக்கும் டவுன் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு தகவல் தங்கிப்போவது நம்பும்படியான தாமதம்.

போலீசை முட்டாளாக்காமல் எழுத

'இருபத்து நாலு மணி நேரம் கழிச்சு வாங்க' என்று இன்ஸ்பெக்டர் சொல்லும் காட்சியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குழந்தை காணோம் என்று புகார் வந்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தல் என்று எடுத்துக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத எல்லாருக்கும் இது பொருந்தும். வெறும் மனு ரசீது கொடுத்து அனுப்பும் அதிகாரியை எழுத ஆசைப்பட்டால் எழுதலாம். ஆனால் அது அவர் செய்த தவறாக எழுதப்பட வேண்டும், பின்னால் அவர் பதில் சொல்லவும் வேண்டும்.

கதை 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்தால் வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா 137இல் வரும். அதற்கு முந்தைய கதை என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 363. இந்த ஒரு எண்ணில் தவறினால், சட்டம் தெரிந்த வாசகர் அதற்கு மேல் உங்களை நம்பமாட்டார். இன்னொரு தவறு, வேலூருக்குக் 'கமிஷனர்' போடுவது. சென்னைக் கதைகளைப் படித்துப் படித்து வந்த பழக்கம் அது. வேலூர் மாவட்டம் எஸ்.பி.யின் கீழ் இருக்கிறது. செல்போன் அழைப்புப் பட்டியல் கேட்பதும் எஸ்.பி. அலுவலகம் வழியாகத்தான், கான்ஸ்டபிள் லேப்டாப்பில் தட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. அந்தப் பட்டியலிலும் டவர்தான் தெரியும், தெருவும் வீட்டு எண்ணும் தெரியாது. கிறிஸ்டியான்பேட்டை எல்லைப் பக்கம் நின்றால் ஆந்திர டவரை போன் பிடிப்பதும் உண்டு. அப்பா எல்லை தாண்டாமலே தாண்டினது போலத் தெரியலாம்.

சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் அறுபதைத் தாண்டினவர்களுக்கும் அப்படித்தான். எழுதுகிறவருக்கு இது வசதி. அம்மாவை விசாரிக்கும் காட்சி வீட்டிலேயே நடக்கும்: ஜீப் தெருவில் நிற்கும், எதிர்வீட்டு மாடியில் தலைகள், உள்ளே மாமியார் காப்பி கலந்துகொண்டு காதை இங்கே வைத்திருப்பார்.

குழந்தை கிடைத்தாலும் கதை அங்கே முடிவதில்லை. வேறு ஊரில் மீட்கப்பட்டால், பயண நேரம் போக இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அங்கிருக்கும் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். ஒரு தலைவர், நாலு உறுப்பினர். அங்கே குழந்தையிடம் கேட்பார்கள், 'வீட்டுக்குப் போறியா?' குழந்தை உடனே பதில் சொல்லாத அந்த இடைவெளியைப் போல ஒரு திருப்பத்தை எந்தக் கார் துரத்தலும் தராது. கிடைக்காமல் நாலு மாதம் போனால் வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாறும். கதையை நீட்ட நினைப்பவர்கள் அந்த நாலு மாதத்தைப் பயன்படுத்தலாம்.

கேமரா பொய் சொல்லும், கெட்ட எண்ணம் இல்லாமல்

கடைகளில் கேமரா பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரத்தை யாரும் சரி பார்ப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்னே பின்னே ஓடும். இன்டர்நெட்டோடு இணைக்காத பெட்டிக்கு உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்தால், கரண்ட் போய் வரும்போது தேதியே மாறிவிடும். நல்ல எஸ்.ஐ. கேமரா பார்க்கப் போனதும் முதலில் தன் செல்போன் மணியையும் திரையில் ஓடும் மணியையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார். உங்கள் எஸ்.ஐ. இதைச் செய்தால், ஆள் எப்படிப்பட்டவர் என்று தனியாக வர்ணிக்கத் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க் நிரம்பினதும் பழைய பதிவின் மேல் புதியது ஏறும். சின்னக் கடைகளில் ஒரு வாரம், இரண்டு வாரம் தாண்டாது. ஆகவே பதினாறாம் நாள் யாரோ 'அந்தக் கேமராவைப் பாருங்க' என்று நினைவுக்கு வந்து சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது.

மோப்ப நாய்க்கு ஒரே ஒரு பத்தி கொடுத்தால் போதும். பல ஆயிரம் பேர் மிதித்த மணலில் அது சுற்றிச் சுற்றிவிட்டு உட்கார்ந்துவிடும்.

ஊரை எங்கே தொடுவது

கோட்டை அகழியில் பிணம் மிதக்கிற காட்சி இனி வேண்டாம். ஊரைத் தெரியாதவர்தான் அங்கே போவார். வேலூரின் தனித்தன்மை சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் இருக்கிறது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கி, ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். கடைப் பலகையில் வங்காள எழுத்து. மகளை 5.55க்குப் பார்த்த ஒரே சாட்சி அப்படி ஒரு பாட்டி என்று வையுங்கள். தமிழ் தெரியாது, யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை, மறுநாள் ரூமைக் காலி செய்து ஹவுரா போகும் ரயிலில் ஏறிவிட்டார். லாட்ஜ் ரிஜிஸ்டரில் பேரும் போனும் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதே மூன்று அத்தியாயம்.

மயானக் கொள்ளையைப் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டு விஷயம். அன்றைக்கு அமாவாசை, ஏழு மணிக்கு மேல் ஆற்று மணலில் டார்ச் இல்லாமல் ஒன்றும் தெரியாது. 'நிலா வெளிச்சத்தில்' என்று எழுதிவிடாதீர்கள். அடுத்தது, காளி வேஷம் கட்டி முகமெல்லாம் வண்ணம் பூசினவர்களைக் கடத்தல்காரர்களாக்குவது. நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டுகிறவரை அப்படிக் காட்டுவது அழகில்லை, வாசகரும் முதலில் அவரைத்தான் சந்தேகப்படுவார். வேஷக்காரரை நல்ல சாட்சியாக வையுங்கள். குழந்தையை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் சொல்கிற இடத்தில் அவர் இருந்ததை யாராலும் உறுதி செய்ய முடியவில்லை, ஏனென்றால் அந்த வேஷத்தில் அன்று பத்துப் பேர் இருந்தார்கள்.

மனநோயை முடிவாக வைப்பதும் வேண்டாம். 'எல்லாம் அம்மாவின் பிரமை' என்று முடிப்பது சோம்பேறித்தனம். பாகாயம் என்றாலே கேலியாகப் பேசுவது ஊரில் பழக்கம்தான். ஆனால் அங்கே சி.எம்.சி.யின் மனநல மையத்தில் குடும்பத்தாரும் கூடவே தங்கி வைத்தியத்தில் பங்கெடுப்பது பல பத்தாண்டு வழக்கம். இரும்புக் கதவும் அலறலுமாக அதை எழுதினால், அந்த வழியாகப் போய்ப் பழகின உள்ளூர்க்காரர் சிரிப்பார்.

அப்பாவே கதை சொன்னால்

'நான்' என்று அப்பா சொல்லும் நடையில் ஒரு நியாயம் உண்டு. போலீசிடம் பொய் சொல்லலாம், மனைவியிடம் சொல்லலாம், வாசகரிடம் மட்டும் சொல்லக் கூடாது. தாண்டிப் போகலாம்.

'ஆறரை வரைக்கும் அவள் கையைப் பிடித்தபடியே நின்றேன்' என்று எழுதினால் அது மோசடி. 'பொரிக்கடை ஓரம் நின்றாள். வெள்ளைப் பூப்போட்ட கவுன். திரும்பிப் பார்த்தபோது கடைக்காரர் மட்டும் இருந்தார்' என்று எழுதினால் அது நியாயம். முதல் வாக்கியத்துக்கும் கடைசி வாக்கியத்துக்கும் நடுவே இருபது நிமிடம் இருக்கிறது. இரண்டாம் முறை படிக்கிறவர் அந்த முற்றுப்புள்ளியில் விரலை வைப்பார். புத்தகம் முழுக்க இப்படி நாலைந்து முற்றுப்புள்ளிக்கு மேல் வைக்காதீர்கள், மிஞ்சினால் தந்திரம் வெளுத்துவிடும். மறைக்கிறவர் மறைக்கும் இடத்தில் உளறமாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். தயார் செய்துகொண்ட பகுதியில் தேவைக்கு மேல் துல்லியமாக இருப்பார், பொரி விலை உட்பட.

அம்மாவுக்கு எப்போது தெரியும்

போலீசுக்கு முன்பே தெரிய வேண்டும். 'காணவில்லை' நோட்டீசுக்கு நல்ல போட்டோ தேடி, நள்ளிரவில் செல்போனைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். கடைசியாக எடுத்த படத்தில் கம்மலின் திருகுப் பக்கம் லேசாகப் பச்சை ஏறியிருக்கிறது. தங்கம் பச்சை ஏறாது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அதன் பிறகும் அவள் சொல்லவில்லை, ஏனென்றால் பக்கத்து அறையில் தம்பி நோட்டீசு கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். இப்போது ரகசியம் இரண்டு பேருடையது, இருவரும் தனித்தனியாகக் காக்கிறார்கள். நோட்டீசில் அந்தத் தங்கக் கம்மல் வரியை அவளே எழுதுவதாக வைத்தால் இன்னும் நல்லது.

நடுப் பக்கத்துத் திருப்பம் தானாக வரும். நகைக் கோணத்தில் போகும் போலீஸ் அடகுக் கடைகளில் விசாரிக்கும். கடையில் அடகுப் புத்தகம் இருக்கிறது, ரசீதின் அடிக்கட்டை இருக்கிறது. அரை பவுன் குழந்தைக் கம்மல் கிடைத்துவிடுகிறது. வைத்தவர் அப்பா. தேதி, குழந்தை காணாமல் போவதற்கு இருபத்தொரு நாள் முன்பு. அவர் திருத்தாமல் விட்ட வரியே ஊரைச் சுற்றிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து அவர் சொன்ன ஆறரை மணியையும் யாரும் நம்பமாட்டார்கள். கெட்டதிலும் நல்லதாக, கேமராவை ஆறேகாலுக்கு முந்தைய நேரத்திலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள்.

அளவும் பேச்சும்

ஐம்பதாயிரம் சொல் போதும். ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு சொல்லாக நாற்பது அத்தியாயம். அதில் முதல் ஆறு மணி நேரத்துக்கே பதிமூன்று அத்தியாயம் கொடுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு நாட்கள் வேகமாகத் தாண்டலாம், வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அதிர்ச்சியில் முடிக்கும் பழக்கத்தை விடுங்கள். ஐந்தில் ஒன்று சாதாரணமாக முடிந்தால்தான் மற்ற நாலும் உறைக்கும்.

'இன்னா', 'கீறான்', 'இட்டுக்கினு போ', 'வந்துக்கினு' எல்லாம் பேச்சில் மட்டும் வரட்டும், எல்லார் வாயிலும் வேண்டாம். ஆட்டோக்காரரும் பொரிக்கடைக்காரரும் பேசுவது போல காந்தி நகர் டியூஷன் டீச்சர் பேசமாட்டார். அப்பா இரண்டு விதமாகவும் பேசுவார்: ஸ்டேஷனில் முதலில் திருத்தமாக, பயம் ஏறினதும் ஊர்ப் பேச்சு.

குழந்தைக்கும் ஒரு காரணம்

தூக்கிப் போகிற பொருளாக மட்டும் குழந்தையை வைத்தால் நாவலின் நடுவில் ஓட்டை. அவள் ஏன் பொரிக்கடையை விட்டு நகர்ந்தாள் என்று நீங்கள் முதல் நாளே முடிவு செய்திருக்க வேண்டும். இந்த உதாரணத்தில் ரகசியம் அவளுக்கும் தெரியும். அவள்தான் அதை மூன்று வாரமாகத் தனியாகச் சுமந்தவள். கடன்காரர் அப்பாவை அதட்டுவதை அவள் பார்த்திருப்பாள். திருவிழாவில் வாரி இறைத்த சூறையில் பொறுக்கின சில்லறை கையில் இருக்கிறது. அடகுக் கடைக்கு அப்பாவோடு ஒருமுறை போன வழி பாதி நினைவிருக்கிறது. அந்தப் பாதி நினைவுதான் அவளை எங்கே கொண்டு போனது என்பதை வட்டம் போட்ட வரைபடத்தில் நீங்கள் தேடுங்கள்.

அவள் உயிரோடு வருவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். எதுவானாலும் அடகுக் கடையில் கம்மல் அப்படியே இருக்கிறது, வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ரசீதை எடுத்துப் போய்ப் பணம் கட்டி அதை மீட்பது அப்பாவா, அம்மாவா, தாய்மாமனா என்று முடிவு செய்துவிட்டு, கடைசி அத்தியாயத்தை அந்தக் கடை வாசலில் தொடங்குங்கள்.